தலைக்குள் இருப்பதை ஓவர் கொடுங்கள்: ஷிஃப்ட் பார்க்கும் அம்மாக்களுக்கு

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காலை டூட்டி 8 முதல் 2, மதிய டூட்டி 2 முதல் 8, நைட் என்றால் ராத்திரி 8 முதல் மறுநாள் காலை 8. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. அத்தான் (என் வீட்டுக்காரர்) டவுனில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறார். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். எங்களோடு இருக்கும் அத்தைக்கு (என் மாமியார்) சர்க்கரையும் முட்டுவலியும்.

கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் இளம் நர்ஸ் பிள்ளைகள் டிரஸ் மாற்றும் அறையில் என்னிடம் கேட்பார்கள்: "எப்படிக்கா சமாளிக்கீங்க?" ஊக்கால் பேட்ஜைக் குத்திக்கொண்டே இரண்டு வார்த்தை சொல்வேன், அதற்குள் மணி அடித்துவிடும். சொல்லாமல் விட்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

2023 ஜூலையில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். மகனுக்கு அப்போது நாலு வயது, எடை 16 கிலோ. காய்ச்சல் 102. மதிய டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒன்றேகால் மணிக்கு 5 மில்லி பாராசிட்டமால் சிரப் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓடினேன். 5 மில்லியில் 250 மில்லிகிராம், அவன் எடைக்குச் சரியான அளவு. இரண்டு மணிக்கு அத்தை தொட்டுப் பார்த்திருக்கிறார். உடம்பு இன்னும் கொதிக்கிறது. இவள் அவசரத்தில் மருந்து கொடுக்காமல் போய்விட்டாள் என்று நினைத்து, அதே மூடியில் அதே 5 மில்லியைக் கொடுத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? நான் சொல்லவில்லையே. ராத்திரி வீட்டுக்கு வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தபோது அளவு குறைந்திருந்தது. விசாரித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. கிலோவுக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி என்று அம்மாமார்களுக்கு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். டாக்டருக்குப் போன் போட்டேன். "இந்த அளவில் ஆபத்து ஒன்றும் வராது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

வார்டில் 30 கட்டில் இருக்கும். யாருக்கும் ஒரே ஊசி இரண்டு தடவை விழாது. எங்களுக்குக் கூடுதல் மூளை இருப்பதால் இல்லை, ஓவர் கொடுக்கிற, அதாவது அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கிற பழக்கம் இருப்பதால். ஷிஃப்ட் முடிந்தால் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. அடுத்து வருகிற சிஸ்டரோடு கட்டில் கட்டிலாகப் போய், போட்டது எது, போட வேண்டியது எது, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாசல் தாண்ட வேண்டும். வீட்டில் ஒன்பது வருடமாக எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு யாருக்கும் ஓவர் கொடுக்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்று ராத்திரிதான் உறைத்தது.

முதல் வாரம் எழுத மட்டும் செய்யுங்கள்

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். சணல் கயிற்றில் ஒரு பேனாவைக் கட்டி ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். போன் ஆப் எல்லாம் பிறகு பார்க்கலாம். வீட்டில் வயசானவர்களும் சின்னப் பிள்ளைகளும் திறக்கத் தெரிந்த பொருள் நோட்டுதான். ஏழு நாளைக்கு உங்கள் தலைக்குள் வந்து போகிற ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள். என் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருந்தது: உளுந்து முடியப் போகிறது. புதன் வெள்ளை யூனிஃபார்ம். மகனுக்கு ஷூ கடிக்கிறது. அத்தைக்கு இன்சுலின் ஊசி நாலுதான் இருக்கிறது. சிலிண்டர் மாட்டி 20 நாள். மகளுக்குப் பேச்சுப்போட்டி வெள்ளிக்கிழமை. கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி. ஏழு நாளில் 83 வந்தது.

மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அதை வாசித்தபோது என் 83-ஐ நினைத்துக்கொண்டேன். ஷூ வாங்க அரை மணி நேரம் போதும். "ஷூ கடிக்கிறது" என்பதை மூன்று நாள் மண்டையில் சுமந்துகொண்டு திரிகிற நேரத்தை எந்தக் கடிகாரத்தில் அளப்பது? நம்மை ஓய்த்துப்போடுவது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

உதவி கேட்காதீர்கள், முழுசாகக் கொடுங்கள்

அத்தான் கை கட்டி உட்காருகிறவர் இல்லை. "என்ன செய்யணும் சொல்லு, செய்யுதேன்" என்பார். அந்த "சொல்லு"தான் எனக்குப் பாரம். நினைவில் வைத்து, நேரம் பார்த்து, சொல்லி, செய்தாரா என்று திரும்பப் பார்ப்பது வரை என் வேலையாகவே இருந்தது. எழுதிய 83-ஐயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கும்போது அவரிடம் காட்டினேன். குறை சொல்வதாக இல்லாமல், "இது இத்தனையும் என் தலைக்குள்ள ஓடுது அத்தான்" என்று மட்டும் சொன்னேன். பேசாமல் மூன்று பக்கத்தையும் வாசித்தார். பிறகு, "ஸ்கூல் விஷயம் பூரா என்கிட்ட குடுத்திரு" என்றார்.

பூரா என்றால் பூரா. யூனிஃபார்ம், ஃபீஸ், ஷூ, பேரன்ட்ஸ் மீட்டிங், வகுப்பு வாட்ஸ்அப் குரூப் எல்லாம். அந்தக் குரூப்பிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன். இதை நீங்களும் செய்யுங்கள். உள்ளே இருந்தால் கை சும்மா இருக்காது.

இரண்டாவது வாரமே புதன்கிழமை கலர் யூனிஃபார்மில் மகளை அனுப்பிவிட்டார். அவள் அழுதுகொண்டு வந்தாள். என் நாக்கு நுனியில் நின்றதை விழுங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வேலை அன்றைக்கே என் தலைக்குத் திரும்பி வந்திருக்கும். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய் ராத்திரி ஒன்பதரைக்கு அவர் போனில் அலாரம் அடிக்கிறது. வார்டில் ஓவர் கொடுத்த பிறகு வாசலில் நின்று எட்டிப் பார்க்கமாட்டோம் இல்லையா, அதே மரியாதையை வீட்டு மனுஷருக்கும் கொடுக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதற்கும் எங்கள் படிப்பில் ஒரு வரிசை உண்டு, எஸ்பார் (SBAR) என்பார்கள். இப்போது என்ன நிலைமை, முன்கதை என்ன, நான் பார்த்தவரை என்ன தோன்றுகிறது, நீ என்ன செய்ய வேண்டும். வீட்டில் அதை நாலு வரியாக எழுதுவேன். "தம்பிக்கு இருமல். நேற்று ராத்திரியிலிருந்து. காய்ச்சல் இல்லை, மூச்சு நல்லா இருக்கு. குளிர்ந்த தண்ணி வேண்டாம். மூச்சு இழுத்தா உடனே எனக்கு அடிங்க." மருந்து கொடுத்தால் நேரம், அளவு, கொடுத்தவர் பெயர். பெயர் எழுதாமல் வீட்டில் இப்போது ஒரு சொட்டு மருந்து யாரும் கொடுப்பதில்லை. அத்தை எழுதும்போது கோணலாக "2.10 நான்" என்று எழுதுவார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியாரோடு இருக்கும் பல பெண்கள் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்கிறோம்: ஒன்று, எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது, இல்லாவிட்டால், அவரிடம் எதையும் விடாமல் நாமே இழுத்துப் போட்டுக்கொள்வது. நான் இரண்டாவது ரகம். மதிய டூட்டி நாட்களில் காலையிலேயே ராத்திரிக்கும் சேர்த்து ஆக்கி வைத்துவிட்டுப் போவேன், அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று. நோட்டு மாட்டிய பிறகு ஒரு நாள் அத்தையே கேட்டார்: "ஏளா, ராத்திரிக்கு என்ன வைக்கணும்னு நீ எழுதாத. நானே யோசிச்சு வைக்கட்டா?" அத்தனை வருடம் அடுப்பு ஆண்டவரை நான் சொன்னதைச் சூடு பண்ணுகிறவராக ஆக்கி வைத்திருந்திருக்கிறேன். இப்போது மதிய டூட்டி ராத்திரிச் சாப்பாடு அவர் ராஜ்யம். நின்று வேலை செய்ய முட்டு விடாது, அதனால் அடுப்பு மேடை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டோம். இரண்டிலிருந்து நாலு வரை அவர் படுக்கிற நேரம்; அந்த நேரத்தில் பிள்ளைகளை அவரிடம் விடுவதில்லை. காலை டூட்டியானால் நான் வந்துவிடுவேன். மதிய டூட்டியில் பள்ளி விட்டு வரும் நேரம் நாலேகால், அது ஒத்துப்போகும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து நிற்காத மழை. ராத்திரி டூட்டிக்குப் போனவள் மறுநாள் வெளியே வர முடியவில்லை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, குறுக்குத்துறை எல்லாம் தண்ணீர். அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர்கள் வர வழியில்லை, நாங்கள் இருந்தவர்களே மாறி மாறிப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் வீடு சேர்ந்தேன். போன் டவர் இல்லை, கரண்ட் இல்லை. எனக்கு அடிவயிற்றில் இருந்த ஒரே பயம் அத்தையின் இன்சுலின், ஃபிரிட்ஜ் ஓடாதே. வந்து பார்த்தால் இன்சுலின் ஒரு கவரில் சுற்றி, ஈரத்துணி போர்த்திய சின்ன மண்பானைக்குள் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் "கரண்ட் போனால்" என்று நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து அத்தான் செய்திருக்கிறார். பக்கத்தில் நேரத்தோடு ஒவ்வொரு வேளை ஊசியும் எழுதியிருந்தது. பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தாயக்கட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பானை முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், நிம்மதியில்.

உங்கள் நோட்டிலும் அப்படி ஒரு கடைசிப் பக்கம் இருக்கட்டும். நீங்கள் இரண்டு நாள் வீட்டுக்கு வர முடியாவிட்டால் மற்றவர்களுக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அது அதில் இருக்க வேண்டும்: மருந்து, டாக்டர் நம்பர், ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் எந்த டப்பாவில், கேஸ் வால்வு, பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடுவது.

அடுப்படி

இதில் நான் பெரிய கெட்டிக்காரி இல்லை, மூன்று விஷயம் மட்டும். மாவு ஆட்டும்போது நாலு உழக்கு இட்லி அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து. பாதியை உப்புப் போட்டுப் புளிக்க வையுங்கள், மீதியை உப்பில்லாமல் நேரே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மூன்றாம் நாள் ராத்திரி வெளியே எடுத்து உப்புப் போட்டுக் கலந்தால் நாலாம் நாள் காலை புது மாவு. இரண்டாவது, புளிக்காய்ச்சல். நல்லெண்ணெயை மட்டும் குறைக்காதீர்கள். கெட்டிப் புளியைச் சுண்டவிட்டு எண்ணெய் மேலே மிதந்த பிறகு இறக்கினால் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும். சோறு மட்டும் வடித்தால் டிபன் பாக்ஸ் தயார். மூன்றாவது, தேங்காயைத் துருவி ஒரு வேளை அளவு சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில். டூட்டி நாளில் ஒரு குழம்பு, ஒரு தொடுகறி, அவ்வளவுதான். மூன்று பால் எடுத்துச் சொதி வைப்பதெல்லாம் ஆஃப் நாளில், ஆசையாக.

நைட் டூட்டி பார்க்கிறவர்களுக்கு

இதை நிதானமாக எழுத வேண்டும், இதில்தான் நாம் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறோம்.

நைட் முடிந்து வண்டி ஓட்டாதீர்கள். முருகன்குறிச்சி சிக்னலில் ஒரு காலை, ஸ்கூட்டரில் கால் ஊன்றி நின்றபடியே கண் சொருகிவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். அதோடு நைட் நாட்களில் பஸ்தான். சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, காசும் மிச்சம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும், பிறகு படுத்தாலும் தூக்கம் பிடிக்காது.

காப்பியை விடியக்காலம் மூன்று மணியோடு நிறுத்துங்கள். குடித்த காப்பியின் வேகம் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்குள் படுத்துவிட வேண்டும். "இந்தத் துணியை மட்டும் போட்டுவிட்டுப் படுக்கிறேன்" என்று ஆரம்பித்தால் பதினொன்றரை ஆகிவிடும், அந்த இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. துணி காத்திருக்கும்.

ஜன்னலுக்குக் கறுப்பு பெட்ஷீட். கதவில் மகள் எழுதி ஒட்டிய அட்டை: "அம்மா நைட் தூக்கம்". எழுப்ப மூன்று காரணம்தான் செல்லும்: யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது அடி, பள்ளியிலிருந்து போன். சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்பது காரணம் ஆகாது. இதை அத்தை முதலில் ஏற்கவில்லை. பகலில் மருமகள் படுத்துக் கிடந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சங்கடப்பட்டார். ஒரு ராத்திரி வார்டில் என்ன நடக்கும் என்று மணிக்கணக்கோடு அவரிடம் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு இன்ன ஊசி, இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறல், நாலு மணிக்கு ரத்தம் எடுப்பது, ஆறு மணிக்குச் சர்க்கரை பார்ப்பது. அதற்குப் பிறகு அவரே வாசலில் உட்கார்ந்து, "பிள்ள ராப்பூரா முழிச்சிருக்கா" என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்.

கடைசி நைட் முடிந்த அன்று மட்டும் மூன்று மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். அன்று ராத்திரி மற்றவர்களோடு படுத்தால் உடம்பு சீக்கிரம் பழைய வழிக்கு வரும்.

வேலை செய்யும் இடத்தில்

மகள் 2014-இல் பிறந்தாள். அப்போது பிரசவ விடுப்பு 12 வாரம். பால்கட்டி நெஞ்சு வலிக்க, பாத்ரூமில் போய்ப் பிழிந்துவிட்டு வந்து வேலை பார்த்தேன். 2017-இல் 1961 மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். 2019-இல் மகன் பிறந்தபோது அது எனக்குக் கிடைத்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வளர்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு சட்டம் எவ்வளவு தூரம் மாற்றும் என்று என் உடம்புக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன், உரிமைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

தனியாகக் கேட்டால் "உனக்கு மட்டுமா பிள்ளை இருக்கு" என்பார்கள். எங்கள் வார்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரே தாளில் எழுதிக்கொடுத்தோம்: டூட்டி லிஸ்ட் ஞாயிறு ராத்திரிக்குப் பதில் வெள்ளிக்கிழமையே வேண்டும், தொடர்ந்து நாலு நைட்டுக்கு மேல் வேண்டாம். மாத்திரை வாங்கவோ மாமியாரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகவோ ஞாயிறு ராத்திரி தெரிந்தால் என்ன பண்ண முடியும் என்பதையும் காரணமாக எழுதினோம். இரண்டு மாதம் கழித்து இரண்டும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை லிஸ்ட் வந்ததும் படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பிவிடுவேன், மகள் காலண்டரில் காலைக்கு மஞ்சள், மதியத்துக்குப் பச்சை, நைட்டுக்கு நீலம் என்று வட்டம் போட்டுவிடுவாள்.

உங்களுக்கென்று

மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிச்சம் என்று ஒன்று வரவே வராது. அதையும் லிஸ்டில் போடுங்கள். ஆஃப் நாள் காலை ஐந்தரைக்கு நானும் அக்காவும் குறுக்குத்துறைக்குப் போவோம். தண்ணீர் அளவாக ஓடுகிற மாதங்களில் ஒரு முக்கால் மணி நேரம் ஆற்றில் கிடப்போம். முதல் முங்கில் காது அடைத்து, வார்டு மானிட்டரின் பீப் சத்தம் நின்றுபோகும். படித்துறைக் கல்லில் உட்கார்ந்து தலை துவட்டும்போது பிள்ளைகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. சில நாள் பேசவே செய்யாமல் திரும்புவோம். ஏழு மணிக்கு வீட்டில். காலண்டரில் அந்த நாளுக்கு மகள் சிவப்பு வட்டம் போட்டு "அம்மா ஆறு" என்று எழுதுகிறாள், நான் சொல்லாமலே.

கடைசியாக, நைட்டுக்குக் கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையை என்ன செய்வது என்பது. இதைத்தான் அறையில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தூங்கவைத்துவிட்டு ஒளிந்து போகாதீர்கள். மகளுக்கு மூன்று வயதில் அப்படிச் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு ராத்திரியெல்லாம் என் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே தூங்குவாள், நான் எழுந்து போய்விடுவேன் என்று. மகனிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். மணி சொன்னால் அவனுக்கு விளங்காது, அதனால் அவனுக்குத் தெரிந்ததைச் சொல்வேன்: "நீ தூங்கி முழிப்ப. ஆச்சி பால் ஆத்தித் தருவா. அப்பா ஷூ மாட்டி விடுவா. வேன் ஹாரன் அடிக்கும், நீ ஸ்கூலுக்குப் போவ. மத்தியானம் நான் எந்திரிச்சு உனக்காக வாசல்ல நிப்பேன்." சொன்ன வரிசை மாறக் கூடாது. மூன்று மாதம் அழுதான். இப்போது நான் செருப்பு மாட்டும்போது அவனே அந்த வரிசையைச் சொல்லிக்கொண்டு கேட் வரை வருகிறான். நாலேகால் மணிக்கு வேன் திரும்பும்போது, எவ்வளவு தூக்கம் பாக்கி இருந்தாலும், நான் வாசலில் நிற்கிறேன்.